நான்காம் படுக்கையில் புகார் இல்லை

மே 11, திங்கள்

இல்லை, அழவில்லை. துணி அடுக்கும் அறையில் ஐந்து நிமிஷம் நின்றேன், அவ்வளவுதான். இந்தக் கத்திரி வெயிலில் ஆஸ்பத்திரி முழுவதிலும் குளிர்ச்சியான இடம் அது ஒன்றே. மடித்த போர்வைகளுக்கு நடுவே.

கேட்டது ஸ்டெல்லா. என்னோடு வேலை. சேலம் அம்மாபேட்டையில் இருவருக்கும் ஒரே அறை. "அழுதியாடி?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தானும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "கொஞ்சம் தள்ளி நில்லு. எனக்கும் அஞ்சு நிமிஷம்."

காலை டூட்டி. தீவிர சிகிச்சைப் பிரிவு. ஐந்து படுக்கை.

9.40: இரண்டாம் படுக்கை, லாரி டிரைவர், போய்விட்டார்.
10.15: கண் மூடி, தாடை கட்டி, துடைத்து, துணி சுற்றி அனுப்பியது.
10.30: புது விரிப்பு.
11.00: புது ஆள்.
நடுவில் எனக்கு ஒரு டீ. அதில் ஈ.

அறைக்கு வந்ததும் பழைய பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மெட்ராஸில் நான்கு வருஷம், பட்டப்படிப்பு, முதல் வகுப்பு. இறந்த உடலுக்குச் செய்ய வேண்டியவை: நாலரைப் பக்கம், படங்களுடன். இறந்துகொண்டிருப்பவருக்குச் செய்ய வேண்டியவை: ஒரே ஒரு பத்தி. சூழல் அமைதியாக இருக்க வேண்டுமாம். ஐந்து ஈசிஜி திரைகள் கத்துகிற அறையில்.

பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். நிமிஷத்துக்குப் பதினெட்டு. நல்ல மூச்சு. நிறுத்த முடியவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கவிதை எழுத உட்கார்ந்தேன். 'வலி' என்று ஒரு சொல் வந்தது. அடித்துவிட்டேன். மலிவாக இருந்தது.

மே 12, செவ்வாய்

தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. ஊர் கொதிக்கிறது.

நான்காம் படுக்கை, பாவாயி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கேட்டால் "அதெல்லாம் யாருங்க கண்டது" என்கிறார். திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ஒரு ஊர், கடலைக் காடு. மார்பில் கட்டி. ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் முந்தானைக்குள் வைத்திருந்தார். இப்போது முதுகெலும்பு வரை, நுரையீரல் வரை. மூச்சு முட்டி வந்தார். நீர் எடுத்தார்கள். இங்கே வந்து ஏழு நாள். இனிக் குணமாகாது. சீஃப் டாக்டருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும். அவருக்கும் வீட்டாருக்கும் சொல்லப்பட்ட ஒரே வார்த்தை: பார்க்கலாம்.

தினமும் கேட்கிறேன். "வலிக்குதாம்மா?"

"பரவால்லீங்க சாமி."

கேஸ் ஷீட்டில் எழுதுகிறேன்: புகார் எதுவும் இல்லை.

இன்று அவர் மகள் சரசு வராந்தாக் குழாயில் ஒரு துண்டை அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பாகப் போயிற்று. துண்டின் ஒரு முனை நார் நாராக.

"எலி கடிச்சிருச்சா?" என்றேன்.

"அம்மாங்க." நிமிராமல் சொன்னாள். "நீங்க அந்தப் பக்கம் போனதீம் வாயில வெச்சுக் கடிச்சுக்கறாங்க. இது மூணாவது துண்டுங்க."

"எங்கிட்டச் சொல்லலாமில்ல?"

"எப்படீங்க சொல்றது? உங்களுக்கு ஆயிரம் சோலி. 'நர்சம்மாகிட்ட அழுதா அந்தப் புள்ளைக்குச் சங்கடமாப் போயிரும், சும்மா இரு'ன்னுட்டாங்க."

என் சங்கடத்துக்காக. என் சங்கடத்துக்காக மூன்று துண்டு.

போய் கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். ஏழு நாள். அதில் ஐந்து நாள் என் கையெழுத்து. புகார் எதுவும் இல்லை, புகார் எதுவும் இல்லை. பள்ளியில் பரிசு வாங்கிய கையெழுத்து. சுழி ஒன்றுகூடப் பிசகவில்லை.

சீஃப் முதல் நாளே எழுதிவிட்டிருக்கிறார்: பெத்திடின் ஊசி, வலி இருந்தால், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு முறைகூடப் போடப்படவில்லை. வலி இருப்பதாக யாரும் எழுதவில்லையே. எழுத வேண்டியவள் நான்.

பெத்திடின் போதை மருந்து வகை, இருப்பது இரட்டைப் பூட்டு அலமாரியில். சாவி மரகதம் சிஸ்டரின் இடுப்பில். வார்டு பொறுப்பு, ஆத்தூர்க்காரர், இருபது வருஷ சர்வீஸ். (இனி ம.சி.)

"அந்தம்மா ஊசி கேட்டாங்களா?"

"கேக்கல சிஸ்டர்."

"கேக்காம என்னாத்துக்கு?"

"துண்டைக் கடிக்கறாங்க."

"போட்டு ஒரு மணி நேரத்துல மூச்சு நின்னுட்டா? ஊசியாலன்னுதான் எழுதுவாங்க. நோயாலன்னு எவனும் எழுத மாட்டான்."

"ஆர்டர் இருக்கு. நான் போடறேன். நானே கையெழுத்துப் போடறேன்."

"இந்த வேகம் எனக்கும் இருந்துச்சும்மா ஒரு காலத்துல."

சாவி தரவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார். மூன்று தடவை சோப்பு, முழங்கை வரை. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.

அலமாரி முன்னால் நின்றேன். மூன்றாம் படுக்கைக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்து மறுபடி நின்றேன். ஐந்தாம் படுக்கைக்கு டிரிப் மாற்றிவிட்டு வந்து மறுபடி நின்றேன். பன்னிரண்டே காலிலிருந்து. "அந்தப் பக்கம் போம்மா" என்றார். போகவில்லை. "பட்டம் வாங்கினவங்கன்னா இப்படித்தான்" என்றார். போகவில்லை. ஒரு மணி ஐந்துக்குச் சாவி மேஜைமேல் விழுந்தது. நல்ல சத்தம்.

1.15க்கு ஊசி. 1.40க்குப் பாவாயியின் வலது கை கட்டில் கம்பியை விட்டது. ஏழு நாளாக அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. பிடிமானத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

மூச்சு நிற்கவில்லை. எண்ணினேன். இருபத்தெட்டு, பிறகு இருபத்திரண்டு. தூங்கினார்.

மே 13, புதன்

காலையில் இன்னொரு ஊசி. சாவி கேட்டதும் கிடைத்தது.

பாவாயி பேசுகிறார்! எட்டு நாளில் முதல்முறையாக முழு வாக்கியங்கள்.

"உம்பட பேரென்ன சாமி?"

"வசந்தாங்க."

"கண்ணாலம்?"

"இல்லீங்க."

"நல்லதாப் போச்சு. இன்னங் கொஞ்ச நாளைக்கு நிம்மதியாத் தூங்கலாம்."

ஐந்தாம் படுக்கைப் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா: "ஆமா, இவ தூங்கறா! கேட்டுக்கோங்க!"

பிறகு பாவாயி குரலை இறக்கினார். "ஒன்னு கேக்கறேன். மறைக்காமச் சொல்லோணும். நாம் பொழைக்க மாட்டனுங்களா?"

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று உண்டு: 'அதெல்லாம் டாக்டரைக் கேளுங்க.' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"பொழைக்கறது கஷ்டங்கம்மா." அதிலும் ஒரு ஒளிவு இருந்தது. திருத்தினேன். "பொழைக்க மாட்டீங்க."

ஈசிஜி திரையைப் பார்த்தார்.

"சேரி. அப்பறம் எதுக்குங்க நெஞ்சுல இந்தப் பட்டனெல்லாம் ஒட்டி வெச்சிருக்கறீங்க? எடுத்துப் போடுங்க. அரிக்குது."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று.

"எத்தன நாளுங்க?"

"கொஞ்ச நாள்தாங்க. ஒரு வாரம்னுகூட என்னால சொல்ல முடியாது."

"அட, நேத்தே சொல்லியிருந்தா ஒரு நா மிச்சமாயிருக்குமல்ல? நா ஊட்டுக்குப் போகோணும் சாமி. இங்கயே போயிட்டன்னு வெய்யி, பொணத்த ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டாங்க எங்கூர்ல. வெளிய வாசல்லயே போட்டு, அப்படியே தூக்கிருவாங்க. அது நாங் கல்லுச் சொமந்து கட்டுன ஊடு."

நேரம்தான் கேட்கிறார். நாங்கள் 'பார்க்கலாம்' என்று சொல்லிச் சொல்லி எடுத்துக்கொண்ட நேரத்தை.

பார்வையாளர் நேரத்தில் அவர் கணவர் நாச்சிமுத்து. பாவாயியே சொல்லிவிட்டார். கடலைக் காட்டைப் பற்றிச் சொல்வது போல. நாச்சிமுத்து என்னிடம் வரவில்லை. நேரே சீஃபிடம் போனார். "ஏனுங்க, எங்ககிட்டப் பாக்கலாம்னு சொல்லிப்போட்டு, அவகிட்டச் செத்துருவீங்கன்னு சொல்லியிருக்கறீங்க!"

நாலு மணிக்குச் சீஃப் வார்டில்.

"நீங்க டாக்டரா சிஸ்டர்?"

"இல்ல சார்."

"பேஷண்டுக்கு நம்பிக்கைதான் மருந்து. ஒரே வார்த்தையில அதைப் புடுங்கிட்டீங்க."

"பெத்திடின்தான் மருந்து சார். நம்பிக்கையை ஏழு நாள் கொடுத்தோம். துண்டைக் கடிச்சாங்க."

சொல்லியிருக்கக் கூடாது என்கிறாள் ஸ்டெல்லா. சொல்லிவிட்டேன்.

ஐந்தரைக்கு மெமோ. 'அதிகார வரம்பை மீறி நோயாளியின் மனத்தைக் குலைத்தமைக்கு' திங்கட்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டும். இல்லாவிட்டால் சஸ்பென்ஷன். தகுதிகாண் பருவம் முடிய எனக்கு இன்னும் நாலு மாதம். அதற்குள் சஸ்பென்ஷன் என்றால் வேலை போனது போலத்தான்.

வாங்க வேண்டியவை: நீல மை, தேங்காய் எண்ணெய், வெள்ளைத்தாள்.

மே 14, வியாழன்

நர்சுகளுக்கெல்லாம் தலைவரான மேட்ரன் கூப்பிட்டார். நல்லவர். ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"பதில் நானே டைப் அடிக்கச் சொல்லிட்டேன். கையெழுத்துப் போட்டாப் போதும்."

படித்தேன். தொடர்ந்த பணிச்சுமையால் என் மனநிலை பாதிக்கப்பட்டிருந்ததாம். நிதானம் தவறிப் பேசிவிட்டேனாம். மன்னிக்க வேண்டுமாம்.

"ஓ.பி.க்கு மாத்திடறேன். ரெஸ்ட் கிடைக்கும். உன் நல்லதுக்குத்தான். உனக்குத் தூக்கமில்லன்னு ஸ்டெல்லாவே சொல்றாளே."

"தூக்கம் இல்லைங்கறது நிஜம்தாங்க மேடம். ஆனா அதனால நான் அதைச் சொல்லல."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் இப்ப?"

தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது வருகிறது பதில்.

என் மனம் சரியில்லை. உண்மை. பஸ்ஸில் அந்நியர்களின் மூச்சை எண்ணுகிறேன். ஸ்டெல்லாவுக்குக் கனவில் திரை கத்துகிறது. எழுந்து அறை முழுக்க அலாரத்தைத் தேடுகிறாள், தலையணைக்கு அடியிலும். ம.சி.யின் கையைப் பற்றி எழுதிவிட்டேன். போன மாதம் மூவரும் போய் ஊழியர் டாக்டரிடம் சொன்னோம். மூவருக்கும் பி காம்ப்ளெக்ஸ். மூத்திரம் மஞ்சளாகப் போகிறது. வேறு மாற்றம் இல்லை.

அன்று யாருக்கும் வேண்டாத மனநிலை இன்று ஃபைலுக்குத் தேவைப்படுகிறது. நான் சொன்ன ஒரே உண்மையை நோயாக்குவதற்கு. தர மாட்டேன். என் தூக்கமின்மை என்னுடையது. ஒரு பொய்க்கு அதை இரவல் தர மாட்டேன்.

சாயங்காலம் நாச்சிமுத்து எழுதிக் கொடுத்துவிட்டார்: டாக்டர் யோசனைக்கு மாறாகச் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம். நாளை வேன். என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

பயம் வேறு: திருச்செங்கோடு ரோடு முழுக்கப் பள்ளம். அந்த முதுகெலும்போடு. ஊசி வார்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பது வழக்கம். வீட்டுக்குப் போகிறவர்கள் வலியோடுதான் போவார்கள்.

மே 15, வெள்ளி

காலையில் மேகம். மழை இல்லை.

ரவுண்ட்ஸில் நான் கேட்கத் தயாராக நின்றேன். எனக்கு முன்னால் ஒரு குரல். ம.சி.

"சார், ஃபோர்த் பெட் இன்னிக்குப் போறாங்க. வழிக்கும் வீட்டுக்கும் பெத்திடின் எழுதுங்க. நர்ஸ் கூடப் போகும். காலி ஆம்பூல் குப்பியைத் திருப்பிக் கொண்டாரும். பொறுப்பு என்னுது."

சீஃப் பேனாவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. 'இரண்டு ஆம்பூல்' என்று எழுதினார். எழுதிவிட்டு நான்காம் படுக்கைக்குப் போய்ப் பாவாயியின் நெஞ்சிலிருந்த பட்டன்களைத் தானே ஒவ்வொன்றாக எடுத்தார். "வரட்டுங்களாம்மா" என்றார். பாவாயி, "போயிட்டு வாங்க சாமி," என்றார். போகிறவர் அவர்.

அலமாரியைத் திறக்கும்போது ம.சி. சொன்னார், ஆம்பூலைப் பார்த்தபடி. "அப்ப உன் வயசு எனக்கு. தீயில வெந்த பொண்ணு. நாலு மணிக்கு ஊசி போட்டேன். அஞ்சு மணிக்குப் போயிட்டா. எட்டு மாசம் சஸ்பென்ஷன். அப்புறம் என் மேல தப்பில்லன்னு எழுதிக் கொடுத்தாங்க." விரல்களை விரித்துக் காட்டினார். "இது மட்டும் அதைப் படிக்கல."

இந்தப் பாடமும் புத்தகத்தில் இல்லை. அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். சொரசொரப்பு. கழுவப் போகட்டும் என்று விட்டேன். போகவில்லை.

"நாளைக்கும் நாளன்னிக்கும் உனக்கு விடுப்பு. இன்னிக்கு எஸ்கார்ட் டூட்டி. நடுவுல நீ எங்க இருந்தேன்னு நான் கேக்க மாட்டேன்."

11.30க்குக் கிளம்பும் முன் வார்டு ஊசி ஒன்று. நாச்சிமுத்து, சரசு, நான். வேனில் மெத்தை போதாது. சரசு மடியில் இடுப்பு, என் மடியில் தலை. பள்ளம் வரும்போதெல்லாம் நாச்சிமுத்து டிரைவரைத் திட்டினார். "மொள்ள ஓட்டப்பா! மண்ணு லோடா ஏத்தியிருக்கற?"

இரண்டேகாலுக்கு ஊர். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "கண்ணு முழிச்சுட்டு வாரா பாரு!" உள்ளே கொண்டு போனோம். சாமி படத்துக்கு எதிர் மூலை. பாவாயி சுவரைத் தடவிப் பார்த்தார். அதில் கொஞ்ச நேரம் போயிற்று.

பிறகு என்னைக் காட்டி: "இந்தப் புள்ளதா நெசத்தச் சொல்லுச்சு. மொதல்ல அதுக்குச் சோறு போடுங்க."

நாச்சிமுத்து இலை போட்டார். "உங்க மேல கோவமாத்தானுங்க இருந்தேன். இப்பவும் கொஞ்சம் இருக்குது. சாப்புடுங்க."

கோபம் நியாயம்தான். அவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். "தப்புதாங்க," என்றேன். ரசத்தை ஊற்றினார்.

சாயங்காலம் முதல் ஆம்பூல். சரசுவிடம் சொல்லிவைத்தேன், ஒளிக்காமல்: மூச்சு விட்டு விட்டு வரும். தொண்டையில் சத்தம் கேட்கும். அவருக்கு வலி இருக்காது. கேட்கிற நமக்குத்தான். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உதட்டை நனைத்தால் போதும். சரசு தலையாட்டிக்கொண்டே வந்தாள். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்காததை நான் இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து படுக்கைகளும் கொடுத்த படிப்பு.

மே 16, சனி

விடியலுக்குக் கொஞ்சம் முன் இரண்டாம் ஆம்பூல். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் பாவாயி போனார். வீட்டுக்குள்.

அதற்கு முன் மூச்சை எண்ணினேன்: நிமிஷத்துக்கு எட்டு, பிறகு ஐந்து. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். சரசு அம்மாவின் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். துண்டு கொடியில் உலர்ந்துகொண்டிருந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

கண் மூடியது, தாடை கட்டியது எல்லாம் அவர்களே. என் நாலரைப் பக்கத்துக்கு வேலையில்லை.

எட்டு மணி பஸ்ஸில் சேலம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் வரிசையாக எதிரே. தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பினார். "ஏனுங்க சிஸ்டர், சேலம் வந்து கால் மணி நேரமாச்சுங்க!"

கைப்பையில் பஞ்சில் சுற்றிய இரண்டு காலி ஆம்பூல். நொறுங்கவில்லை.

மாலை. மெமோவுக்குப் பதில் எழுதினேன். நீல மை. நகல்:

ஒன்று. நோயாளி பாவாயி கேட்டார், உண்மையைச் சொன்னேன். நிதானத்தோடு சொன்னேன். இன்னொருவர் கேட்டாலும் சொல்வேன். குடும்பத்தாரைச் சேர்த்து வைத்துச் சொல்லாதது என் பிழை.

இரண்டு. வலியில் இருந்தவருக்கு ஐந்து நாள் 'புகார் எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். நான் செய்த தவறு அதுதான். அதற்கு மெமோ வரவில்லை. தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று. தனி விஷயம், மேற்கண்டவற்றுக்குக் காரணம் அல்ல: இந்தப் பிரிவின் நர்சுகள் தூங்குவதில்லை. ஒரு மரணத்துக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும், உட்கார்ந்து பேச ஒரு அறை வேண்டும். துணி அடுக்கும் அறை போதவில்லை.

ஸ்டெல்லா படித்தாள். "ரெண்டாவதைப் படிச்சா மேட்ரன் மயங்கி விழுந்துரும்." பேனாவைப் பிடுங்கி மூன்றாவதற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

மே 18, திங்கள்

தூறல். மண் வாசனை வார்டுக்குள் வரை.

6.50: காலி ஆம்பூல் இரண்டையும் ஒப்படைத்தேன். பதிவேட்டில் என் கையெழுத்து, பக்கத்தில் ம.சி.யுடையது. பதிலின் மூன்றாம் பகுதியை அவர் நின்றபடியே படித்தார். ஸ்டெல்லாவின் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையது. கொஞ்சம் கோணல்.

7.05: மேட்ரன் அலுவலகப் பெட்டியில் போட்டேன். மாற்றல் உத்தரவு வரும் என்கிறார்கள். சஸ்பென்ஷன் என்றும் சொல்கிறார்கள். வரட்டும். வரும் வரை நான்காம் படுக்கை என் பொறுப்பு.

அதில் புது ஆள். பனமரத்துப்பட்டிக்காரர், வயசானவர், வயிற்றில் புற்று. இடது கை கட்டில் கம்பியில். விரல் முட்டி வெளுத்திருக்கிறது.

"வலிக்குதுங்களா?"

"பரவால்லீங்கம்மா. நீங்க உங்க வேலயப் பாருங்க."

கேஸ் ஷீட்டில் எழுதினேன்: வலி உள்ளது. போய் ம.சி.யிடம் சாவி கேட்டேன்.